படுகளத்தில் அடி வாங்கக் கற்றுக்கொண்டது

நான் முதன்முதலாகப் பீமன் வேஷம் கட்டிய வருஷம், எங்கள் படுகளச் சண்டை நாலே நிமிஷத்தில் முடிந்துபோனது. மச்சான் செல்போனில் பிடித்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. ராத்திரி பூரா கூத்துப் பார்த்த ஜனம் விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, மண்ணில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன் உருவத்தைச் சுற்றி நிற்கிறது. நான் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், அடிக்கிறேன், சுற்றி வருகிறேன், மறுபடி அடிக்கிறேன். துரியோதனன் வேஷக்காரர் விழுகிறார், எழுகிறார், விழுகிறார். தொடையில் ஒரு அடி, அவ்வளவுதான். பந்தலோரம் மோர் வாங்கப் போன பெண்கள் சொம்போடு திரும்பி வருவதற்குள் பாஞ்சாலி கூந்தலை முடிந்துகொண்டிருக்கிறாள்.

வேஷம் கலைக்கும்போது வாத்தியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்குச் சித்தப்பா முறை. தேங்காய் எண்ணெய் தடவி என் கன்னத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே, "நீ அடிச்சது எல்லாருக்கும் தெரிஞ்சுதுப்பா. அவனுக்கு வலிச்சது ஒருத்தருக்கும் தெரியல" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

எனக்குக் காவேரிப்பட்டணத்தில் தையல் கடை. கூத்து எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருவது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊர்களில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து என்று நாள் கணக்கில் நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணாலும் செம்மண்ணாலும் துரியோதனனைப் பெரிதாகச் செய்து தரையில் படுக்க வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் தலையிலிருந்து காலுக்கு நடந்தால் இருபது எட்டுக்கு மேல் வரும். தொடைக்குள் சிவப்புத் தண்ணீர்க் குடத்தைப் புதைத்திருப்பார்கள். அதைச் சுற்றியும் அதன் மேல் ஏறியும் பீமனும் துரியோதனனும் சண்டை போடுவோம். சாயங்காலம் தீமிதி.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே நிற்கிற ஆயிரம் பேரில் யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. இடுப்பில் இருக்கிற கைக்குழந்தை வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம். முடிவு தெரிந்த சண்டையை எதற்கு வெயிலில் நின்று பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்த இடம் சின்ன வயதில் பார்த்த ரெஸ்லிங்.

2002-ல் டென் ஸ்போர்ட்ஸ் சேனல் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் தெருவில் கேபிள் இருந்தது பெரியப்பா வீட்டில்தான். அதில் வரும் ரெஸ்லிங் வீரர்களின் உயரம், எடை, ரேங்க் எல்லாம் அச்சடித்த அட்டைகளை வைத்துத் திண்ணையில் விளையாடுவோம். அண்டர்டேக்கர் அட்டை கையில் இருப்பவனுக்கு அன்றைக்குத் தனி மரியாதை. தாத்தா அந்தப் பக்கம் வந்தால் கிங்காங், தாராசிங் என்ற அந்தக் காலத்து மல்யுத்தக்காரர்களின் கதையை ஆரம்பிப்பார். நேரில் பார்த்தவரில்லை, அவர் காலத்தில் ஊரெல்லாம் பேசிய பேச்சைக் கேட்டவர். தாராசிங் ஜெயித்ததை ஒரு வரியில் முடித்துவிடுவார். கிங்காங் என்ற மலை எப்படிச் சாய்ந்தது என்பதற்குத்தான் கையைக் காலை ஆட்டி அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார். அப்போது எனக்கு அது பிடிபடவில்லை.

அந்த வயதில் ஒரு தப்பு நடந்தது. வைக்கோல் போரின் மேல் நின்று, பெரியப்பா மகனின் கழுத்தைப் பிடித்து அண்டர்டேக்கர் மாதிரி தூக்கிப் போட்டேன். அவன் போரைத் தாண்டிக் கட்டாந்தரையில் விழுந்து, தோள்பட்டைக் காறை எலும்பு உடைந்தது. மாவுக்கட்டு ஒன்றரை மாதம் இருந்தது. அவனுக்கு இன்றைக்கும் குளிர்காலத்தில் அந்த இடம் வலிக்கும். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், அந்த அடியில் தூக்குகிறவனைவிடத் தூக்கப்படுகிறவனுக்குத்தான் வேலை அதிகம். அவன்தான் தானே எம்பிக் குதிக்கிறான், அவன்தான் காற்றில் உடம்பைப் பரப்பி விழுகிறான். நாங்கள் பார்த்ததெல்லாம் பிடித்த கையை மட்டும்தான்.

சித்தப்பா அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு, கடையில் ராத்திரி மிஷினை நிறுத்திவிட்டுப் பழைய மேட்ச்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் நிமிஷத்தைக் குறித்துக்கொண்டே பார்ப்பேன். எந்த நிமிஷத்தில் யார் மேலே, யார் கீழே, ஜனம் எப்போது எழுந்து நிற்கிறது என்று மட்டும் எழுதுவேன். பத்துப் பதினைந்து மேட்ச் எழுதிய பிறகு ஒரே மாதிரி ஒரு பாதை தெரிந்தது.

அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அதற்கு ஷைன், ஹீட், கம்பேக், ஃபினிஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் நல்லவன் கை ஓங்கும். இவன் பேர்வழி சாமானியப்பட்டவன் இல்லை என்று ஜனத்துக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அது. அப்புறம் கெட்டவன் ஏதோ ஒரு குறுக்கு வழியில் மடக்குவான். அங்கிருந்து ரொம்ப நேரம் நல்லவன் அடி வாங்குவான். மேட்ச்சிலேயே நீளமான பாகம் அநேகமாக அதுதான். நடுவில் ஒன்றிரண்டு முறை எழப் பார்ப்பான், உடனே அமுக்கிவிடுவார்கள். பிறகு ஒரு கட்டத்தில் உண்மையாகவே எழுந்துவிடுவான். அங்கிருந்து முடிவுக்கு ஓட்டம். நாங்கள் எங்கள் பேச்சில் ஏத்தம், அமுக்கம், மீட்சி, முடிப்பு என்று வைத்துக்கொண்டோம். என் முதல் வருஷ வீடியோவை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். நாலு நிமிஷமும் ஏத்தம் மட்டும்தான். பீமன் ஒரு அடிகூட வாங்கவில்லை. அடியே வாங்காதவனுக்காக ஜனம் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

நான் அதிகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தது 1987 மார்ச் 29-ம் தேதி நடந்த மூன்றாவது ரெஸில்மேனியா. ரெஸ்லிங்கில் வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய திருவிழா அது. ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே தி ஜெயண்டும் மோதிய மேட்ச். பன்னிரண்டு நிமிஷம்தான் இருக்கும். பறப்பது, புரள்வது, வித்தை காட்டுவது எதுவும் கிடையாது. ஆரம்பத்திலேயே ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்கப் பார்க்கிறார். தூக்க முடியவில்லை. மலை அப்படியே அவர் மேல் சரிகிறது. தோள் தரையில் கிடக்க ரெஃப்ரீ மூன்று தட்டுத் தட்டிவிட்டால் தோல்வி. ரெஃப்ரீ தரையைத் தட்டுகிறார், ஒன்று, இரண்டு, மூன்றாவது விழுவதற்கு மயிரிழை முன்னால் ஹோகன் தப்பிக்கிறார். அப்புறம் பல நிமிஷம் முதுகைப் பிடித்துக்கொண்டே அடி வாங்குகிறார். ஆந்த்ரே அவரைக் கட்டிப் பிடித்து நெருக்கும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் மைதானம் முழுக்க ஒரே ஒரு கேள்வி நிற்கிறது, தூக்க முடியுமா, முடியாதா. கடைசியில் தூக்கிப் போடும்போது எழும் சத்தம், அந்த முதல் நிமிஷத் தோல்விக்குக் கிடைத்த கூலி. முதலில் "முடியாது" என்று காட்டியிராவிட்டால் பின்னால் "முடிந்தது" என்பதற்கு என்ன விலை இருக்கும்?

இதில் ஆந்த்ரேயை நினைத்தால் எனக்கு மனசு என்னவோ செய்யும். அதற்கு முந்தின வருஷம்தான் அவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. உடைக்குள் பெல்ட் கட்டிக்கொண்டு நின்றார். அந்த வலியோடு, இன்னொருவன் தன்னைத் தூக்கிப் போட உடம்பைக் கொடுத்தார். அந்த மேட்ச்சை ஹோகன் ஜெயித்தார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கதையைச் சொன்னது ஆந்த்ரே. தாத்தா கிங்காங் விழுந்ததை ஏன் அரைமணி நேரம் சொன்னார் என்பது அப்போதுதான் உறைத்தது. அடி கொடுப்பவன் கையால் சண்டை நடக்கிறது. அடி வாங்குபவன் உடம்பில்தான் அது தெரிகிறது.

அதே நாளில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதினார்கள். பதினாலரை நிமிஷம். சாவேஜ் ஒவ்வொரு அடியையும் முன்கூட்டியே எழுதி, எண் போட்டு, இருவரும் மனப்பாடம் செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. அதைவிட எனக்குப் பாடமாக இருந்தது அந்த மணி. சில மாதங்களுக்கு முன்னால் சாவேஜ் ரிங் ஓரத்து மணியை வைத்து ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கியிருந்தார். கதைப்படி ஸ்டீம்போட் பேச முடியாமல் கிடந்து திரும்பி வருகிறார். மேட்ச் முடியும் நேரத்தில் சாவேஜ் மறுபடி அதே மணியை எடுக்கிறார். ஜனத்துக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அந்த மணியாலேயே அவர் கவிழ்கிறார், ஸ்டீம்போட் சுருட்டிப் பிடித்து ஜெயிக்கிறார்.

நம்ம பாரதத்தில் அந்த மணிக்கு இடத்தில் இருப்பது தொடை. சபையில் துரியோதனன் தொடையைத் தட்டிப் பாஞ்சாலியைக் கூப்பிட்டான். அந்தத் தொடையைப் பிளப்பேன் என்று பீமன் சபதம் போட்டான். அவள் கூந்தலை விரித்துப் போட்டாள். பல நாளைக்கு முந்தின கூத்தில் நடந்தது இது. சண்டை நடக்கும்போது நாங்கள் இருவரும் தொடையை மறந்தே போயிருந்தோம், கடைசி அடிக்கு மட்டும்தான் அது ஞாபகம் வந்தது. இப்போது நான் துரியோதனனாக வரும்போது, சண்டை தொடங்குவதற்கு முன் மெல்ல ஒரு தடவை என் தொடையைத் தட்டிக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை. பெண்கள் பக்கத்திலிருந்து "த்தூ" என்று சத்தம் வரும். அதற்கப்புறம் அவர்கள் மோர் வாங்கப் போவதில்லை.

இரண்டாவது வருஷம் பழைய துரியோதனன் வேஷக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. அந்த வேஷம் எனக்கு வந்தது. பீமன் மச்சான். அவன் ஓசூரில் கட்டட வேலை பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். தை மாதத்திலிருந்து தென்பெண்ணை ஆற்று மணலில் பழகினோம். என்ன அடி, எந்தப் பக்கம் என்பதைப் பழக ரெண்டு வாரம் போதுமானதாக இருந்தது. மிச்ச நாளெல்லாம் விழுவதற்கும் எழுவதற்கும்தான் செலவானது.

விழுவதைப் பற்றி விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் ஆள் ஊனமாவது. ரெஸ்லிங் ரிங்கில் கேன்வாஸுக்கு அடியில் மெல்லிய மெத்தை, அதற்கடியில் பலகை, அதற்கடியில் இரும்புச் சட்டம். பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அவர்கள் தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, முதுகின் மேல்பாகமும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழுகிறார்கள். அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவிவிடும். நமக்குக் கிடைப்பது மிதிபட்டு இறுகிய மண்தரை. அதன்மேல் மல்லாந்து விழவே கூடாது. முதலில் முழங்கால் மடங்க வேண்டும், அடுத்து இடுப்பின் பக்கம், அப்புறம் தோள், இந்த வரிசையில் சாய வேண்டும். தாடையை ஒட்டுவதும் மூச்சை விடுவதும் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். கையைத் தரையில் ஊன்றித் தாங்கப் பார்த்தால் மணிக்கட்டு போய்விடும். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டியிருப்பதால், எந்தப் பக்கம் விழுவது என்பதை வேஷம் கட்டும்போதே முடிவு செய்து, அந்தப் பக்கத்துக் கட்டை முனைக்குத் துணி வைத்துத் தைத்துவிடுவேன். தையல்காரனாக இருந்ததில் கிடைத்த உபயோகம் அது.

அடுத்தது சத்தம். எங்கள் மிருதங்கக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். முதல் நாள் ஒத்திகையிலேயே கையை எடுத்துவிட்டார். "நீ அடி விழுறதுக்கு முன்னாடியே விழற. நான் எங்கப்பா அடிக்கிறது?" என்றார். அதுவரைக்கும் நான் அதை யோசித்ததே இல்லை. எங்கள் கதாயுதம் யாரையும் தொடாது, ஒரு சாண் தள்ளியே நின்றுவிடும். அடி என்பது மிருதங்கத்தில் விழுகிறது. அந்தச் சத்தம் வந்த பிறகுதான் என் உடம்பு ஒடிய வேண்டும், அதற்குப் பிறகுதான் வாயிலிருந்து குரல் வர வேண்டும். அதற்கப்புறம் ரெண்டு மூச்சு நேரம் ஒன்றுமே நடக்கக் கூடாது. முகவீணைகூட நிற்க வேண்டும். அந்த ரெண்டு மூச்சில்தான் ஜனம் அந்த அடியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. எங்கள் நாலு நிமிஷச் சண்டை இருபத்தைந்து நிமிஷமாக வளர்ந்ததில் புது அடிகள் ரொம்பக் குறைவு. வளர்ந்ததெல்லாம் இந்த இடைவெளிதான்.

வலிக்கு ஒரு இடம் வேண்டும். இதை ஒரு பள்ளிக்கூடத்துப் பையனிடம் கற்றேன். அந்த வருஷம் இடது முழங்காலில் அடி வாங்கி, நொண்டி, ஜனம் "உச்" கொட்டும் வரை நன்றாகத்தான் செய்தேன். அப்புறம் பாட்டு வந்ததும் உற்சாகத்தில் அதே காலை ஊன்றி நாலு சுற்றுக் கிறுகி ஆடிவிட்டேன். முடிந்ததும் அந்தப் பையன் வந்து, "அண்ணா, உங்களுக்கு எந்தக் கால்ல அடி?" என்று கேட்டான். உண்மையாகவே தெரியாமல் கேட்டான். நொண்டினால் கடைசி வரை நொண்ட வேண்டும். ஆடத்தான் வேண்டும் என்றால் நொண்டியபடியே ஆட வேண்டும், பாதிச் சுற்றில் கால் மடங்க வேண்டும். ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் என்ற ஜோடியில் ரிக்கி மார்ட்டன் என்று ஒருவர். உருவத்தில் சின்னவர். ஜோடி மேட்ச்சில் பாதி நேரத்துக்கு மேல் அடி வாங்கிக்கொண்டு, மூலையில் கை நீட்டி நிற்கும் கூட்டாளியை நோக்கி ஊர்ந்து வருவதிலேயே பெயர் வாங்கினார். அப்படி அடி வாங்கும் பாகத்துக்கே அவர் பெயரைத்தான் தொழில்காரர்கள் சொல்கிறார்கள். அவர் ஊர்வதைப் பாருங்கள். எங்கே வலிக்கிறது என்று கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரியும்.

பீமன் எழப் பார்க்கும் இடங்களை மூன்றாக வைத்துக்கொண்டோம். முதல் தடவை முழங்கால் ஊன்றும்போதே நான் தள்ளிவிடுவேன். இரண்டாவது தடவை நின்றே விடுவான், கதாயுதத்தையும் ஓங்குவான், நான் கண்ணில் மண்ணை வீசுவேன். வீசுவது போலக் கைதான் போகும், மண் கீழேதான் விழும். இந்த இரண்டாவது இடத்தில் ஒருதரம் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தே விட்டார். மூன்றாவது தடவைதான் நிஜ எழுச்சி. இதை நான்காக ஆக்கிப் பார்த்தோம், ஜனம் சலித்துவிட்டது. அதே போல, "முடிந்தது" என்று நம்ப வைத்து முடியாமல் போகும் இடம் சண்டைக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 2009-ல் இருபத்தைந்தாவது ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கர் தன் முடிவு அடியைக் கொடுத்தும் ஷான் மைக்கேல்ஸ் தோளை உயர்த்திவிடுகிறார். அப்போது அண்டர்டேக்கர் முகத்தைப் பாருங்கள், அந்த ஒரு முகத்துக்காகவே அரைமணி நேர மேட்ச்சை மறுபடி பார்க்கலாம். ஆனால் இன்றைக்கு வரும் பல மேட்ச்களில் அதையே ஏழெட்டுத் தடவை செய்கிறார்கள். காசைச் சில்லறையாக மாற்றி இறைப்பது போல இருக்கிறது.

சண்டைக்குள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வழி வேண்டும். ரெஸ்லிங்கில் பிடி போட்டிருக்கும்போது முகம் மறைந்திருக்கும், அப்போது காதில் பேசுவார்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை ரெஃப்ரீ வந்து சொல்வார். எங்களுக்குக் கட்டியங்காரன் இருக்கிறான். ஜனத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டே எங்களுக்கு நேரமும் சொல்லிவிடுவான். கையோடு கை கோர்க்கும் இடங்களில் ஒரு தடவை அழுத்தினால் நன்றாக இருக்கிறேன், இரண்டு தடவை அழுத்தினால் நிறுத்து என்று வைத்திருக்கிறோம். மூன்றாம் வருஷம் வைகாசி வெயிலில் மச்சானுக்குத் தலை சுற்றிவிட்டது. இரண்டு தடவை அழுத்தினான். நான் அவனைப் பிடித்தபடியே மெல்லப் படுக்க வைத்து, அவன் மேல் நின்று விருத்தம் பாட ஆரம்பித்தேன். கட்டியங்காரன் தண்ணீர்ச் சொம்போடு வந்து, பீமனைக் கேலி செய்வது போலவே முகத்தில் தெளித்தான். ஜனத்துக்கு எதுவும் தெரியாது. இப்படி ஒரு சைகை இல்லாமல் யாரும் மேடைச் சண்டை போடாதீர்கள்.

இனி, எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தொடையில் அடிப்பது அதர்மம். கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது. கதாயுத வித்தையில் துரியோதனன் கைதான் மேல் என்பதும் பாரதத்தில் இருக்கிறது. நேர்மையாகச் சண்டை போட்டால் பீமனுக்கு வெற்றி இல்லை. அதனால்தான் கண்ணன் தொடையைத் தட்டிச் சாடை காட்டுகிறார். அப்படியானால் முடிப்பு வரும் நேரத்தில் நல்லவன் குறுக்கு வழியில் போகிறான், கெட்டவன் நேராக நின்று விழுகிறான். இதை எப்படி ஆடுவது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

1997 மார்ச்சில் நடந்த பதிமூன்றாவது ரெஸில்மேனியாவில் பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதியதைப் பார்த்தபோதுதான் வழி கிடைத்தது. பிரெட் நல்லவர், ஆஸ்டின் போக்கிரி. கடைசியில் பிரெட் ஷார்ப்ஷூட்டர் பிடி போட்டு முறுக்குகிறார். ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தம். தோற்றேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லவில்லை. அப்படியே மயங்கிவிடுகிறார். பிரெட்டுக்கு வெற்றி. ஆனால் மயங்கிக் கிடப்பவனைப் பிரெட் மறுபடி போய் உதைக்கிறார். அங்கே ஜனத்தின் மனசு இடம் மாறுகிறது. ஆஸ்டின் எழுந்து, தாங்க வந்தவர்களை உதறிவிட்டுத் தானே நடந்து போகிறார். உள்ளே வரும்போது போக்கிரி, வெளியே போகும்போது வீரன். அடித்துச் சம்பாதித்தது இல்லை அது. எப்படி அடி வாங்கினார் என்பதில் கிடைத்தது.

அதிலிருந்து நான் துரியோதனன் விழுவதை மாற்றினேன். தொடையில் அடி விழுந்ததும் சாய்வதில்லை. மண் உருவத்தின் தொடையில் குடம் உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். நான் நிற்கிறேன். கதாயுதத்தை ஊன்றி நிற்கிறேன். ஒரு கால் மடங்குகிறது, அப்போதும் பீமனைப் பார்க்காமல் கண்ணனைப் பார்க்கிறேன். பிறகு மற்றக் கால். பிறகு கை. மிருதங்கம் இல்லை, தாளம் மட்டும் ஒற்றையாக விழும்.

முதல் தடவை அப்படிச் செய்தபோது, ஒரு சத்தமும் வரவில்லை. சொதப்பிவிட்டோம் போல என்று பயந்துபோனேன். கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது யாரோ என் தலைமாட்டில் உட்கார்ந்தது தெரிந்தது. ஒரு பாட்டி. முந்தானையால் என் கன்னத்து மண்ணைத் துடைத்து, "நூறு பேர்ல ஒத்தையா நின்னியே சாமி" என்றாள். சண்டை தொடங்கும்போது நான் தொடையைத் தட்டியதற்குத் "த்தூ" என்று துப்பிய வரிசையில் அவளும்தான் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் காந்தாரியின் ஒப்பாரி தொடங்கியது. அவளும் சேர்ந்து அழுதாள்.

இதெல்லாம் பொய்தானே என்று ரெஸ்லிங் பார்க்கிறவர்களை இன்றைக்கும் கேட்கிறார்கள். 1989-லேயே ரெஸில்மேனியா நடத்தும் கம்பெனி அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில செனட்டில் இது பொழுதுபோக்கு, போட்டி இல்லை என்று தானே சொல்லிவிட்டது. அதற்கப்புறமும் ஜனம் பார்க்கிறது. அந்தப் பாட்டியிடம் போய், அம்மா, அந்தக் கதாயுதம் மேலே படவே இல்லை என்று சொன்னால் அவளுக்குக் கோபம்தான் வரும். அவளுக்குத் தெரியாததா?

ஜனம் சொல்வதைக் கேட்டு ஆட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 2002-ல் டொராண்டோவில் ராக்கும் ஹோகனும் மோதியபோது, கெட்டவனாக வந்த ஹோகனுக்குத்தான் ஜனம் கத்தியது. இருவரும் உள்ளேயே அதைப் புரிந்துகொண்டு போக்கை மாற்றினார்கள். எங்களுக்கும் ஒரு வருஷம் இளவட்டப் பசங்க துரியோதனனுக்கு விசில் அடித்தார்கள். நான் வீம்பு பிடிக்காமல் அமுக்கத்தைக் குறைத்து, மச்சானுக்கு எழுவதற்கு நேரம் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தோம், சரியாக வந்தது.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆண்டு விழா நாடகத்துக்குச் சண்டை சொல்லித் தரக் கூப்பிட்டார்கள். பசங்களிடம் முதலில் சொன்னது, யாரையும் யாரும் தூக்கக் கூடாது, கழுத்துக்கு மேலே கை போகக் கூடாது, டிவியில் பார்த்த எதையும் இங்கே செய்யக் கூடாது. என் பெரியப்பா மகனைக் கூட்டிப் போய் அவன் தோளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அதற்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை.

இந்த வருஷம் பீமன் வேஷம் அக்கா மகனுக்கு. பத்தொன்பது வயது. செல்போனில் முப்பது அடிகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்து, "மாமா, இதுல எது எது வெச்சுக்கலாம்?" என்றான். போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆற்று மணலில் அவனை நிறுத்தி, ஒரே ஒரு அடி கொடுத்தேன். மிருதங்கம் விழுந்தது. அவன் முழங்கால் மடங்கி, இடுப்பு சாய்ந்து, தோள் படிந்தான். இடது விலாவைப் பிடித்துக்கொண்டான். மிருதங்கக்காரர் கையைத் தூக்கியபடி நிறுத்தி வைத்திருந்தார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. அவன் எழப் பார்த்து, பாதியில் அப்படியே கிடந்தான். கரை மேல் ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்றுவிட்டார். ஆடுகள் முன்னால் போய்க்கொண்டே இருந்தன.

"ஏம்பா," என்று அங்கிருந்தே கூப்பிட்டார், "அந்தப் பையனுக்கு இன்னாச்சு?"